முகம் வென்றதாக ஒரு கதை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜனாதிபதித் தேர்தலைப் பற்றியோ டெலிவிஷனைப் பற்றியோ யார் எழுதத் தொடங்கினாலும், எந்தக் கல்லூரியில் எந்த ஆசிரியர் வெகுஜனத் தொடர்பியல் என்னும் பாடத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டாலும், தவறாமல் சொல்லப்படுகிற கதை ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, சிக்காகோ நகரத்து டெலிவிஷன் நிலையம் ஒன்றில், ஜனநாயகக் கட்சியின் அபேட்சகரான ஜான் கென்னடியும், குடியரசுக் கட்சியின் அபேட்சகரும் அப்போதைய உபஜனாதிபதியுமான ரிச்சர்டு நிக்ஸனும் ஒரே மேடையில் நின்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். கென்னடி வெயில் பட்டு மெருகேறிய மேனியும் கருநிற உடையுமாக வந்து நின்றார். நிக்ஸனோ நோயில் கிடந்து எழுந்த மெலிவோடும், மழித்தும் மறையாத தாடியின் கருமையோடும், மோவாயில் அரும்பிய வியர்வையோடும் காட்சியளித்தார். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்ஸனே ஜயித்தார் என்றார்கள். டெலிவிஷனில் பார்த்தவர்கள் கென்னடியே ஜயித்தார் என்றார்கள். பார்த்தவர்களே தொகையில் அதிகமாகையால் கென்னடி ஜனாதிபதியானார். அன்றோடு அரசியலில் வாக்கின் யுகம் முடிந்து முகத்தின் யுகம் பிறந்தது. இதுதான் கதை.

கதை அழகாயிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடந்த வழக்கில் ஒரு தேசத்தின் தலைவிதியே நிர்ணயமாயிற்று என்று சொல்லும்போது, சொல்பவருக்கு ஒரு கம்பீரமும் கேட்பவருக்கு ஒரு பிரமிப்பும் தாமாகவே வந்துவிடுகின்றன. ஆனால் சரித்திரத்தில் இத்தனை கச்சிதமாக அமைந்த சம்பவங்கள் மிகவும் சொற்பம். அப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால் அதை உடனே பையில் போட்டுக்கொள்ளாமல் சற்று உரசிப் பார்ப்பதே விவேகிகளின் வழக்கம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் சுற்றிவந்த இந்தக் கதையை உரசிப் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. அவர்கள் சொன்னது பாடப் புத்தகங்களுக்குள் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மறுக்க வேண்டாதவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிக்ஸன் அன்றிரவு பார்வைக்கு நன்றாயில்லை. ஆகஸ்டு மாதத்துப் பிரசாரப் பயணத்தில் காரின் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு, அது சீழ் பிடித்து, வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் பல நாட்கள் படுத்திருந்தவர் அவர்; உடல் இளைத்துச் சட்டையின் கழுத்துப்பட்டை தொளதொளத்துப் போயிருந்தது; விவாதத்தன்று காலையிலும் ஓய்வெடுக்காமல் தச்சர் சங்கத்தாரின் மகாநாட்டில் பேசினார்; மாலையில் நிலையத்து வாசலில் இறங்கும்போது அதே முழங்கால் மறுபடியும் கார்க் கதவில் இடிபட்டது. நிலையத்தார் அமர்த்தியிருந்த ஒப்பனைக்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, 'லேஸி ஷேவ்' என்ற ஒரு கடைச் சரக்கைத் தாடையில் பூசிக்கொண்டார். அவர் அணிந்திருந்த வெளிறிய சாம்பல் நிற உடை, கறுப்பு வெள்ளைத் திரையில், பின்சுவரின் நிறத்தோடு கலந்துபோயிற்று. இவையெல்லாம் உண்மை. ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் அதைப் பார்த்தார்கள் என்பதும், அவர்களில் கென்னடியே சிறப்பாகச் செய்தார் என்று கருதியவர்கள் கணிசமாக அதிகம் என்பதும் உண்மை. நான் மறுப்பது, இந்த உண்மைகளையெல்லாம் ஒரு நூலில் கோத்து, முகத்தைப் பார்த்தே ஜனங்கள் தீர்ப்பளித்தார்கள் என்று கட்டுகிற மாலையைத்தான்.

அந்த மாலையைக் கோத்திருக்கிற நூல், ரேடியோவைப் பற்றிய ஒரு வாக்கியம். அதை உருவிவிட்டால் மற்றவை சிதறிவிடும். ஏனெனில், கென்னடி நன்றாகப் பேசியதனாலேயே ஜனங்கள் அவரை மெச்சினார்கள் என்று ஒருவர் சொன்னால், இல்லை, அதே பேச்சை முகம் பாராமல் கேட்டவர்கள் நிக்ஸனை அல்லவா மெச்சினார்கள் என்று பதில் சொல்வதற்கு அந்த ஒரு வாக்கியமே ஆதாரம். அந்த ஆதாரத்துக்கு ஆதாரம் எது? ஸிண்ட்லிங்கர் என்ற ஒரு வர்த்தக ஆராய்ச்சிக் கம்பெனி அப்போது நடத்திய விசாரணை. அது விசாரித்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் விவாதத்தை ரேடியோவில் கேட்டதாகச் சொன்னவர்கள் 282 பேர். அந்த 282 பேரிலும் எல்லாரும் வென்றவர் இன்னார் என்று அபிப்பிராயம் சொல்லிவிடவில்லை. பதினெட்டு கோடி ஜனத்தொகை கொண்ட ஒரு தேசத்தின் காது என்ன சொல்லிற்று என்பதற்கு இந்தச் சிறு கூட்டமே சாட்சி.

சாட்சி சிறிது என்பது மட்டும் குறையானால் பொறுத்துக்கொள்ளலாம். 1960இல் அமெரிக்காவில் பத்து வீடுகளில் ஏறக்குறைய ஒன்பதில் டெலிவிஷன் பெட்டி வந்துவிட்டது. அப்படியிருக்க, ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு விவாதத்தை ரேடியோவில் கேட்க நேர்ந்தவர்கள் யார்? டெலிவிஷன் அலை எட்டாத தொலைதூரக் கிராமங்களிலும் பண்ணைகளிலும் இருந்தவர்கள் அவர்களில் கணிசமானவர்களாக இருந்திருக்க வேண்டும்; அப்பிரதேசங்களோ பெரும்பாலும் பிராடஸ்டண்டு மதத்தினர் வாழ்ந்தவை. கென்னடியைப் போன்ற ரோமன் கத்தோலிக்கர் ஒருவர் ஜனாதிபதியானால் போப்பாண்டவரின் கட்டளை வெள்ளை மாளிகைக்குள் புகுந்துவிடும் என்ற பயம் அவர்களிடையே எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு, அதே செப்டம்பர் 12ஆம் தேதி கென்னடி ஹூஸ்டன் நகரத்துக்குப் போய்ப் பாதிரிமார்களின் சபையில் நின்று, மதமும் ராஜ்யமும் வேறு வேறு என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததே போதிய அத்தாட்சி. இவர்கள் நிக்ஸன் வென்றார் என்று சொன்னார்களானால், அது காதின் தீர்ப்பா, விவாதம் தொடங்குவதற்கு முன்பே மனம் எழுதிவைத்திருந்த தீர்ப்பா? அதைப் பகுத்தறிவதற்கான கேள்வி அந்த விசாரணையில் இல்லை. வான்ஸில், பெண்டெல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1987இலேயே இதையெல்லாம் எடுத்துக்காட்டி, கண்ணும் காதும் முரண்பட்டன என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது என்று எழுதிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. அத்தேர்தலின் சரித்திரத்தை எழுதிப் பெரும் புகழ் பெற்ற தியோடர் வைட், 1961இல் வெளிவந்த தம் நூலில், ரேடியோவில் கேட்டவர்களுக்கு இருவரும் ஏறத்தாழ சமமாகவே தோன்றினார்கள் என்றுதான் எழுதினார். பிற்பாடு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகப்போக, சமம் என்றிருந்தது நிக்ஸனுக்குச் சாதகம் என்றாகி, சாதகம் என்பது வெற்றி என்றாகி, வெற்றி அமோக வெற்றியுமாகிவிட்டது. சம்பவத்துக்கு அருகில் இருந்தவர் அடக்கமாகச் சொன்னதை, தொலைவில் இருந்தவர்கள் உரத்துச் சொன்னார்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2003இல் ஜேம்ஸ் டிரக்மன் என்ற அரசியல் ஆராய்ச்சியாளர், அந்த விவாதத்தைப் பற்றி முன்பின் அறியாதவர்களைச் சேர்த்து, சிலருக்குப் படத்தோடும் சிலருக்கு ஒலியை மட்டிலும் அளித்துப் பரிசோதித்தபோது, படத்தைப் பார்த்தவர்களே கென்னடியை வெற்றி பெற்றவராக அதிகம் கருதினார்கள். இதைக் கொண்டு, பார்த்தாயா, கதை மெய்தான் என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதனைப் பார்ப்பதும் கேட்பதும் ஒன்றல்ல என்பதை அப்பரிசோதனை காட்டுகிறது. அதை யார் மறுத்தார்கள்? ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த இருவரில் எவர் மீதும் அன்போ பகையோ இல்லாமல், வேலையிழக்கும் பயமோ மத பயமோ இல்லாமல், வோட்டளிக்கும் பொறுப்பும் இல்லாமல் ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களின் மனநிலையைக் கொண்டு, 1960இல் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பென்ஸில்வேனியா எஃகுத் தொழிலாளியின் மனத்தை அளந்துவிட முடியாது. அந்தத் தொழிலாளிக்கு விவாதம் என்பது முகத்துக்கு முந்தியே பல விஷயங்களைப் பற்றியதாக இருந்தது.

என்ன விஷயங்கள் என்று பார்க்க வேண்டுமானால், கதை சொல்கிறவர்கள் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டும்: அன்று பேசப்பட்டதைப் படிக்க வேண்டும். அச்சில் இருக்கும் பேச்சுக்கு மோவாயும் கிடையாது, வியர்வையும் கிடையாது. அன்றைய விவாதம் உள்நாட்டு விவகாரங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஆளுக்கு எட்டு நிமிஷம் தொடக்கவுரை. முதலில் எழுந்த கென்னடி, லிங்கன் காலத்தில் இந்நாடு பாதி அடிமையும் பாதி சுதந்திரமுமாக நீடிக்க முடியுமா என்று எழுந்த கேள்வியை நினைவூட்டி, இப்போது உலகமே அப்படி நீடிக்க முடியுமா என்பது கேள்வி என்று தொடங்கி, உடனே நாட்டுக்குள் இறங்கிவிடுகிறார். எஃகு ஆலைகளின் திறனில் பாதி பயன்படாமல் கிடக்கிறது; மேற்கு வர்ஜீனியாவில் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மத்தியான உணவில் ஒரு பங்கைக் குழந்தைகள் வீட்டிலிருப்பவர்களுக்காகக் கொண்டுபோகிறார்கள்; இந்நாட்டில் பிறக்கிற ஒரு நீக்ரோக் குழந்தைக்கு உயர்தரப் பள்ளியை முடிப்பதற்கு உள்ள வாய்ப்பு, வெள்ளைக் குழந்தைக்கு உள்ளதில் பாதிதான்; இவற்றில் எனக்குத் திருப்தியில்லை, திருப்தியில்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இதைக் கேட்பதற்குக் கண் வேண்டியதில்லை.

அடுத்து எழுந்த நிக்ஸன் சொன்ன முதல் வாக்கியத்தின் சாரம், செனட்டர் கென்னடி சொன்னவற்றில் பலவற்றை நம்மில் பலர் ஒப்புக்கொள்ளலாம் என்பது. போர்க்களத்துக்கு வந்தவர் முதல் மூச்சிலேயே எதிரியின் கொடிக்கு வணக்கம் செய்தார். லட்சியத்தில் பேதமில்லை, அதை அடையும் வழியில்தான் பேதம் என்று அந்த உரை முழுவதும் சமாதானம் பாடிற்று. தோற்றத்தால் தோற்றவர் என்று சொல்லப்படுகிற இம்மனிதர், தம் கட்சிக்கு மறுபடியும் ஓர் ஆட்சிக் காலத்தை ஏன் தர வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில், எதிரியின் நோக்கம் நல்லது என்று நற்சாட்சிப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டார். இதற்குப் பின்னால் ஒரு யோசனையும் இருந்தது: உபஜனாதிபதி ஸ்தானத்துக்கு அவரோடு போட்டியிட்ட ஹென்றி கேபட் லாட்ஜ், எதிரிகளைக் குத்திக் குதறுகிறவர் என்ற பழம் பெயரைப் போக்கிக்கொள்ளும்படி அவருக்குப் புத்திமதி சொல்லியிருந்தார். சொன்னபடி கேட்டார், பலனும் கண்டார்.

அன்றிரவு விழுந்த மிகப் பலத்த அடி இனிமேல்தான் வருகிறது. நிக்ஸனுடைய பிரசாரத்தின் அச்சாணி, எட்டு ஆண்டு அனுபவம் என்ற ஒரே வாதம். சான்டர் வேனோகர் என்ற நிருபர் அந்த அச்சாணியின் மேலேயே கை வைத்தார். உபஜனாதிபதி சொன்ன முக்கியமான யோசனை எதையாவது நீங்கள் ஏற்றுக்கொண்டதுண்டா என்று ஆகஸ்டு 24ஆம் தேதி நிருபர்கள் கேட்டபோது, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் ஏதாவது நினைவுக்கு வரலாம் என்று ஜனாதிபதி ஐஸன்ஹோவர் சொன்னாரே, அதற்கு என்ன சமாதானம் என்று கேட்டார். அது ஜனாதிபதி வேடிக்கையாகச் சொன்னது என்றும், ஜனாதிபதிக்குச் சொல்லப்படும் யோசனைகள் இரகசியமானவை என்றும் நிக்ஸன் சொன்ன விடையைப் படித்துப் பார்க்கிற எவருக்கும், அந்த நேரத்தில் அவருக்கு வியர்த்ததற்கு ஸ்டூடியோ விளக்குகளை மட்டும் குற்றம் சொல்லத் தோன்றாது. ரேடியோப் பெட்டிக்கு முன்னால் இருந்தவனுக்கும் அந்தக் கேள்வி கேட்டிருக்கும். அந்த விடையும் கேட்டிருக்கும்.

பத்திரிகைகள் என்ன எழுதின என்பதும் கவனிக்கத்தக்கது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வெளிவந்த விமரிசனங்களில் வெற்றி தோல்வியில்லை என்பதே பொதுவான தொனி. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் தலையங்கமோ, இருவரில் நிக்ஸனுடைய ஆற்றலே சற்றுச் சரளமாக இருந்தது என்ற பொருள்பட எழுதிற்று. மோவாயும் வியர்வையும் சரித்திரத்தைப் புரட்டிப் போட்டிருந்தால், அதை அன்றே பார்த்துக்கொண்டிருந்த எழுத்தாளர்களுக்குத் தெரியாமற் போனது எப்படி? மேலும் விவாதம் ஒன்றல்ல, நான்கு. அக்டோபர் 7, 13, 21 ஆகிய தேதிகளில் நடந்த மற்ற மூன்றிலும் நிக்ஸன் தேறிய உடம்போடும் முறையான ஒப்பனையோடும் வந்தார். ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸிலும் மற்றவர் நியூயார்க்கிலும் இருந்தபடி பேசிய மூன்றாம் விவாதத்தில் அவருடைய கையே ஓங்கியிருந்ததாகப் பலர் கருதினார்கள். நான்கில் மூன்று இரவு நன்றாயிருந்த முகத்தை விட்டுவிட்டு, ஓர் இரவு வாடியிருந்த முகத்தை மட்டும் ஜனங்கள் நவம்பர் 8ஆம் தேதி வரைக்கும் நெஞ்சில் சுமந்துகொண்டு வோட்டுச் சாவடிக்குப் போனார்கள் என்பது விசித்திரமான மனோதத்துவம்.

நிக்ஸனே ஒப்புக்கொண்டாரே என்பார்கள். ஆம், 1962இல் வெளியிட்ட நூலில், விஷயத்தில் மிகையாகவும் தோற்றத்தில் குறைவாகவும் கவனம் செலுத்திவிட்டதாக அவர் வருந்துகிறார். தோற்ற மனிதர் இதைவிட இனிய ஆறுதலைத் தமக்குச் சொல்லிக்கொள்ள முடியுமா? என் வாதம் தோற்கவில்லை, என் சவரக் கத்தி தோற்றது என்பதில் உள்ள சுகம் சாமானியமானதல்ல. அதே நூலில், தேர்தலுக்கு முந்திய மாதத்தில் வேலையில்லாதோர் தொகை ஏறியது தம்மைப் பாதித்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை எடுத்துச் சொல்வார் இல்லை. கென்னடியும், மற்ற எதையும்விட டெலிவிஷனே தமக்குக் காற்றைத் திருப்பியது என்று தேர்தல் முடிந்த சில நாட்களில் சொன்னார். டெலிவிஷன் என்றாரே தவிர, முகம் என்று சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வயதுச் செனட்டர், அனுபவம் போதாத இளைஞர் என்று ஏசப்பட்டவர், எட்டு வருஷம் உபஜனாதிபதியாக இருந்தவரோடு ஒரே மேடையில், ஒரே அளவு நேரத்தில், புள்ளிவிவரத்துக்குப் புள்ளிவிவரம் சளைக்காமல் நின்றதைக் கோடிக்கணக்கானவர்கள் நேரில் கண்டார்கள். அனுபவம் என்ற வாதம் அந்த ஒரு மணி நேரத்தில் கலகலத்துவிட்டது. இது டெலிவிஷன் செய்த உபகாரந்தான். ஆனால் அழகுப் போட்டியில் கொடுத்த பரிசு அல்ல.

தேர்தல் முடிவைப் பார்த்தாலும் கதை நொண்டுகிறது. ஆறு கோடியே எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டுகளில் கென்னடிக்கு அதிகமாகக் கிடைத்தவை சுமார் 1,13,000. ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. இலினாய் மாநிலத்தை அவர் பிடித்தது 9,000க்கும் குறைந்த வோட்டு வித்தியாசத்தில். இத்தனை சன்னமான வெற்றிக்கு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது பொருந்தத்தான் செய்யும். முழங்கால் புண்ணைச் சொல்லலாம், மழையைச் சொல்லலாம். நான் சொல்லத் துணிந்தால் ஒரு டெலிபோன் பேச்சைச் சொல்வேன். அக்டோபர் 19ஆம் தேதி அட்லாண்டா நகரத்துக் கடை ஒன்றில் மறியல் செய்து கைதான மார்ட்டின் லூதர் கிங், பழைய வழக்கொன்றைச் சாக்காக வைத்து, கைவிலங்கோடு தொலைதூரச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். அவருடைய மனைவிக்குக் கென்னடி டெலிபோன் செய்து ஆறுதல் கூறினார். கென்னடியின் தம்பி ராபர்ட் நீதிபதியோடு பேசினார். கிங் ஜாமீனில் விடுதலையானார். நிக்ஸன் வாய் திறக்கவில்லை. இச்செய்தியை நீலக் காகிதத்தில் அச்சிட்டு, லட்சக்கணக்கான பிரதிகளை, தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கறுப்பின மக்களின் கோயில் வாசல்களில் விநியோகித்தார்கள். டெலிவிஷன் யுகத்தின் முதல் தேர்தல் என்று கொட்டி முழக்கப்படுகிற ஒன்றில், ஒரு டெலிபோனும் ஒரு துண்டுப் பிரசுரமும் செய்த வேலை இவ்வளவு. பாடப் புத்தகங்களில் நீலக் காகிதத்துக்கு இடமில்லை. அதில் யாரும் அழகாயில்லை போலும்.

பொய்யென்று காட்டியும் இந்தக் கதை சாகாமலிருப்பதற்குக் காரணம், இது பலருக்குச் சோறு போடுகிறது என்பதே. அபேட்சகர்களுக்கு உடையும் புன்னகையும் கற்றுக்கொடுத்துக் கட்டணம் வாங்குகிற ஆலோசகர் கூட்டத்துக்கு இதுவே ஆதி புராணம். அவர்களைவிட அதிகமாக இதை நேசிக்கிறவர்கள் படித்த மேன்மக்கள். ஜனங்கள் தங்கள் விருப்பத்துக்கு மாறாக வோட்டளித்துவிட்டால், ஜனங்கள் யோசித்து அப்படிச் செய்தார்கள் என்று ஏற்பதைவிட, முகத்தைப் பார்த்து மயங்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்வது அவர்களுக்கு எளிது. நம் நாட்டிலும் இந்த ஜாதி உண்டு. 1967இல் காங்கிரஸ் தோற்றதற்கு, கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். படுத்திருந்த சுவரொட்டியைக் காரணம் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்கள், அரிசிக்காக வரிசையில் நின்ற தாய்மார்களையும், 1965ஆம் ஆண்டின் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியையும், எதிர்க்கட்சிகள் கூடி அமைத்த கூட்டணியையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சாமானியனை முட்டாளாக்கினால்தான் சரித்திரம் இவர்களுக்குச் சுவைக்கிறது.

இந்தக் கதை செய்திருக்கிற பெரிய அநியாயம் வேறொன்று. 1960ஆம் ஆண்டின் டெலிவிஷன் என்றாலே அந்த ஒரு மோவாய்தான் என்று ஆக்கிவிட்டது. அந்த ஆண்டில் வேறு எத்தனையோ நடந்தன. ஒரு ஹாஸ்யத் துணுக்கைத் தம்மைக் கேளாமல் வெட்டிவிட்டார்கள் என்று இரவு நிகழ்ச்சி நடத்திவந்த ஜாக் பார் அதன் நடுவிலேயே மேடையை விட்டு வெளியேறினார்; முன்கூட்டியே விடை சொல்லிக்கொடுத்து நடத்திய வினா விடைப் போட்டிகளின் மோசடி அம்பலமானதைத் தொடர்ந்து, அத்தகைய மோசடியைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது; சிகரெட் கம்பெனியின் தயவில் கற்கால மனிதர்களின் கேலிச் சித்திரத் தொடர் ஒன்று இரவு நேரத்தில் அரங்கேறியது. இவை போகட்டும். தேர்தல் முடிந்து பதினேழாம் நாள், அமெரிக்கர்கள் நன்றி நவிலும் திருநாளின் விருந்து உண்டு களித்த மறுநாள் இரவு, சி.பி.எஸ். நிறுவனம் செய்தியாளர் எட்வர்டு மரோவைக் கொண்டு 'அவமானத்தின் அறுவடை' என்ற பொருளுடைய ஒரு செய்திப்படத்தைக் காட்டிற்று.

விடியற்காலையில் ஒரு திடல். கூலியாட்களை ஏலம் கூவி அழைப்பதுபோல் கங்காணிகள் விலை கூவுகிறார்கள். ஆண்களும் பெண்களும் லாரிகளில் ஏறி நெருக்கியடித்து நிற்கிறார்கள். இது ஆப்பிரிக்காவில் எங்கோ நடப்பதன்று, ஃபுளோரிடாவில் நடப்பது, இவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள் என்று மரோ நிதானமாகச் சொல்கிறார். பிறகு ஒரு தாய் வருகிறாள். இருபத்தொன்பது வயது, பதினான்கு குழந்தைகள். காலை ஆறு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை வயலில் பறித்ததற்கு அன்று எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறார்கள். ஒரு டாலர் என்கிறாள். குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை. வேறோர் இடத்தில், வயலுக்குப் போன தாய் திரும்பும் வரை தங்கைகளைப் பார்த்துக்கொள்ள விடப்பட்ட ஒரு சிறுவன், படுக்கையிலுள்ள ஓட்டை ஏது என்று கேட்டதற்கு, எலி என்று பதில் சொல்கிறான். விருந்தின் மிச்சம் மேஜையில் இருக்கும்போதே, அந்தக் காய்களைப் பறித்த கைகளை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து காட்டியது அந்த ஒரு மணி நேரம். பண்ணை முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள். இதன் பின்கதையையும் மறைக்கக் கூடாது: அடுத்த ஆண்டு கென்னடி அரசாங்கத்தின் வெளிநாட்டுப் பிரசார இலாகாவுக்குத் தலைவராகப் போன அதே மரோ, தாம் பேசிய அதே படத்தைக் காட்ட வேண்டாமென்று பி.பி.ஸி.யைக் கேட்டுக்கொண்டார். பி.பி.ஸி. இணங்கவில்லை; படம் காட்டப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி என்.பி.ஸி. நிறுவனம் காட்டிய செய்திப்படம், நாஷ்வில் நகரத்துக் கடைகளில் கறுப்பின மாணவர்கள் உணவு மேடைகளில் அமர்ந்து நடத்திய மறியலைப் பற்றியது. ஏப்ரல் 19ஆம் தேதி விடியலில் அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வாய் பேசாமல் நகர மண்டபத்துக்கு ஊர்வலம் போனார்கள். அங்கே படிக்கட்டில், டயான் நாஷ் என்ற இருபத்தோரு வயது மாணவி, நிறத்தை மட்டும் கொண்டு ஒரு மனிதனைப் பேதப்படுத்துவது நியாயமென்று நினைக்கிறீர்களா என்று மேயர் பென் வெஸ்டைக் கேட்டாள். நியாயமில்லை என்று மேயர் ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் கழித்து மே 10ஆம் தேதி அந்நகரத்துக் கடைகளில் கறுப்பர்களுக்கு உணவு பரிமாறப்பட்டது. 1960இன் மகத்தான விவாதம் எது என்று என்னைக் கேட்டால் இந்தப் படிக்கட்டு விவாதத்தைச் சொல்வேன். அதில் ஒரே ஒரு கேள்வி. ஒரே ஒரு விடை. யாருடைய தாடியைப் பற்றியும் எவரும் குறிப்பெழுதவில்லை.

முகம் வென்ற கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். விவாதத்தின் முழு வாசகம் அச்சில் கிடைக்கிறது. மாணவர்களுக்கு முதலில் அதைக் கொடுங்கள். படித்த பிறகு படத்தைக் காட்டுங்கள். ரேடியோவைப் பற்றிய வாக்கியத்தைச் சொல்லித்தான் தீர வேண்டுமென்றால், அந்த 282 பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதோடு இதையும் சொல்லுங்கள்: 1968இல் நிக்ஸன் எதிரியோடு விவாதிக்கவே மறுத்துவிட்டு ஜனாதிபதியானார், 1972இல், மறுபடியும் விவாதம் எதுவுமின்றி, அதே தாடையோடும் அதே மோவாயோடும் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை வென்றார்.